தலை சங்கத்துக் கம்பியில் போகும்

ஜோர்ஜ்டவுன் யாழ்ப்பாணத்தார் நல்லொழுங்குச் சங்கத்தில் ஒரு தொலைபேசி உண்டு. அது ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்குப் பூட்டு உண்டு. பூட்டுக்குச் சாவி ஒன்றே ஒன்று; அது தலைவர் திரு. அப்புத்துரை அவர்களின் இடுப்பில் தொங்கும். தலைவர் இல்லாத நேரத்தில் மணி அடித்தால் உறுப்பினர்கள் எழுந்து போய்ப் பெட்டியைச் சுற்றி நின்று, அது அடித்து ஓயும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாராக இருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை சங்கத்தின் சமையலறையில் புகை கிளம்புவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுச் சீனர் விடாமல் அழைத்திருக்கிறார். மணி ஓய்ந்த பிறகு அவரே வாளியோடு வந்தார்.

சங்கக் கட்டடம் பினாங்கின் மெக்காலிஸ்டர் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அதை ஒட்டிய வீடு தம்புவுடையது. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, வழுக்கைத் தலை. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்த ஆள் என்பதால் விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சங்கத்தில் அவருக்கு ஒரு பதவி இருந்தது. நாற்காலிப் பொறுப்பாளர். கூட்டத்துக்கு முன்னால் நாற்காலிகளை விரிப்பார், கூட்டம் முடிந்ததும் மடக்கி அடுக்குவார். சங்கத்தில் எல்லாப் பதவிக்கும் ஆண்டுதோறும் அடிதடி நடக்கும். இந்தப் பதவிக்கு மட்டும் யாரும் போட்டி போட்டதில்லை. தம்பு அதைத் தன் மீதுள்ள நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு தங்கை. கமலாம்பிகை. தம்பு பதினாறு வயதில் தகப்பனோடு கப்பலேறிப் பினாங்குக்கு வந்தபோது அவள் யாழ்ப்பாணத்தில் தாயின் இடுப்பில் இருந்தாள். போய்ப் பார்ப்போம், போய்ப் பார்ப்போம் என்று இருந்ததில் வேலை, கல்யாணம், தகப்பனின் சாவு என்று வருடங்கள் ஓடின. பிறகு அங்கே யுத்தம் வந்தது. கமலாம்பிகை மகனோடு எப்படியெப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்தாள். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாததால் எங்கும் பயணம் போகப் பத்திரம் கிடையாது. இவர் அங்கே போக முடியாது, அவள் இங்கே வர முடியாது.

அந்த நேரத்தில்தான் சர்க்கரை நோய் அவள் கண்ணில் இறங்கியது. ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணில் பெரிதாக இருப்பவை மட்டும் மங்கலாகத் தெரிந்தன. கடைசியாக ஒரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் இருக்கிற பார்வையும் போனாலும் போகலாம் என்று டாக்டர்கள் சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள்.

"அதுக்கு முந்தி ஒருக்கா உங்கடை முகத்தைப் பாக்கோணும் அண்ணை," என்றாள் தொலைபேசியில்.

"போட்டோ அனுப்பினேனே கமலா."

"அது அசையாமல் இருக்குது. ஆரோ ஒரு ஆள் மாதிரி. நீங்கள் கதைக்கேக்கை பாக்கோணும்."

தம்பு வீட்டு மாடியறையில் ரோஹானா என்ற பெண் வாடகைக்கு இருந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். அவள் தன் கணினியிலிருந்து மாடிப்படி வழியாக ஒரு வயரை இறக்கி, கீழே தம்புவுக்கும் ஒரு பழைய கணினியை வைத்துக் கொடுத்து, வீட்டுத் தொலைபேசி ஒன்றையே வைத்து இரண்டுக்கும் இணையம் வரச் செய்திருந்தாள். ஒரு சிறிய கேமராவும் வாங்கி மானிட்டர் தலையில் உட்கார வைத்தாள். லண்டனில் கமலாம்பிகையின் மகனும் அப்படியே செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தார்கள். படம் தபால்தலை அளவுக்கு வந்தது; அதுவும் விட்டு விட்டு வந்தது.

"தெரியுதா கமலா?"

"ஏதோ கொய்யாப்பழம் மாதிரிக் கிடக்குது அண்ணை," என்றாள் தங்கை. திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தாள்.

ரோஹானா யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஒரு லைன் பத்தாது அங்கிள். இன்னொரு லைன் கிடைச்சா ரெண்டையும் ஒரே நேரத்துல டயல் பண்ணி ஒண்ணா சேத்துரலாம். படம் பெருசா வரும். முகம் நல்லா தெரியும்."

தம்பு இரண்டாவது லைனுக்கு விண்ணப்பிக்கப் போனார். தெருக் கம்பத்தில் இடமில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஆபரேஷனோ அடுத்த மாதம்.

"அப்ப ஒண்ணு செய்வோம்," என்றாள் ரோஹானா. "ஞாயித்துக்கிழமை என் ஃபாக்டரிக்கு வந்துருங்க. அங்க லைன் பெருசு. வாசல் கார்டுகிட்ட நான் பேசிக்கறேன்."

தம்பு சிரித்தார். "பக்கத்துல நம்ம சங்கம் இருக்கேம்மா. அங்க லைன் பெட்டிக்குள்ள சும்மா தூங்குது. சுவத்துக்கு மேல ஒரு வயர் போட்டா வீட்டுக்கு வந்துரும். ஒரு மணி நேரம் கேட்டா குடுக்க மாட்டாங்களா? நம்ம ஆளுங்க இருக்கும்போது நான் எதுக்கு ஊரான் கதவைத் தட்டணும்?"

ரோஹானாவின் தகப்பனார் ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர்; கமிட்டி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் மாடியேறிவிட்டாள்.

சங்கத்தின் செயலாளர் சிவகுருநாதன் தம்புவின் உயிர் நண்பர். துறைமுக அலுவலகத்தில் இருவருக்கும் எதிரெதிர் மேசை. தம்புவின் மனைவி இறந்தபோது சடங்கு முழுவதையும் எடுத்து நடத்தியவர். தம்பு ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"இதுக்கெல்லாம் கேக்கணுமா தம்பு? உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சி லா. ஆனா ஒண்ணு, கமிட்டிக்குப் போடாம செஞ்சா தலைவர் மனசு சங்கடப்படும். போட்டுருவோம். அஞ்சு நிமிசத்துல பாஸ் ஆயிரும். நான் இருக்கேன்ல."

கமிட்டி கூடியது. தம்பு நாற்காலிகளை விரித்துவிட்டு ஓரமாக நின்றார். கறிபாப்பும் தேத்தண்ணியும் வந்தன. தலைவர் அப்புத்துரை தொண்டையைச் செருமினார். அரசாங்கத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். நல்ல சதை பிடித்த உருண்டை முகம். தலைக்கு மாதம் தவறாமல் சாயம் பூசுவார்.

"இந்த ரெண்டு லைனையும் சேக்கறது பத்தி எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல," என்றார். "ஆனா சேத்த பிறகு என்ன நடக்கும்னு தெரியாம சேக்கக் கூடாது. அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

ரோஹானா வந்து விளக்கினாள். படத்தைக் கணினி சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டும். சில துண்டு இந்த லைனில் போகும், சில துண்டு அந்த லைனில் போகும். லண்டன் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒட்டிக்கொள்ளும்.

துணைத்தலைவர் கறிபாப்பைக் கீழே வைத்தார்.

"எந்தத் துண்டு எந்த லைன்ல போகும்?" என்று கேட்டார் தலைவர்.

"அது சொல்ல முடியாது சார். எது காலியா இருக்கோ அதுல போகும்."

"அப்படின்னா தம்புவோட காலு சங்கத்து லைன்ல போறதுக்கு வாய்ப்பு இருக்கு."

ரோஹானா நாற்காலியைக் காட்டினாள். "உக்காந்து பேசும்போது காலு தெரியாது சார்."

"தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா," என்றார் தலைவர். "இந்த லைன்ல அமைச்சர் பேசியிருக்கார். ரெண்டு தடவை. அதுல ஒரு உறுப்பினரோட இடுப்புக்குக் கீழ உள்ள பகுதி போச்சுன்னா நாளைக்கு எனக்குப் பின்னால வர்ற தலைவர் என்னைக் கேப்பார். நான் என்ன பதில் சொல்லுவேன்?"

நீண்ட விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கழுத்துக்கு மேற்பட்ட பகுதி சங்கத்துக் கம்பியில் போகும். மீதி தம்பு வீட்டுக் கம்பியில் போகும். கழுத்தைப் பற்றி முடிவெடுக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழுவில் ஏழு பேர். இரு தரப்பும் இடம்பெற வேண்டும் என்பதற்காக, இணையமே வேண்டாம் என்ற இருவரும் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

"சரி சார், அப்படியே செட் பண்ணிடறேன்," என்றாள் ரோஹானா. வெளியே வந்ததும் தம்பு அவளிடம் அது எப்படி முடியும் என்று கேட்டார். "முடியாது அங்கிள். சரின்னு சொன்னா வேல நடக்கும்னுதான் சொன்னேன்," என்றாள். அவளுக்கு நல்லொழுங்குச் சங்கத்தை அவ்வளவாகத் தெரியாது.

அடுத்த வாரம் துணைக்குழு கம்பி போகும் வழியைப் பார்வையிட வந்தது. சங்கத்திலிருந்து தம்பு வீட்டுக்குக் குறுக்கு வழி கழிவறைக் கூரைக்கு மேலே போனது. கைநீட்டினால் தொடும் தூரம்தான். ஏழு பேரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். அமைச்சர் பேசிய கம்பி கழிவறையைத் தாண்டக் கூடாது என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களுக்கும் அது பட்டது. ஆகவே கம்பி கூடத்தைச் சுற்றி, ஸ்தாபகர் படத்துக்கு மேலாக, பூசையறை நிலையைத் தொட்டு, முன்வாசல் வழியாக வர வேண்டும் என்று முடிவாயிற்று. அவ்வளவு நீள வயர் கடையில் இல்லை. ரோஹானா பல துண்டுகளை ஒட்டிக் கொண்டுவந்தாள்.

வயர் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் கிளம்பியது. இரண்டு லைனையும் கணினி டயல் செய்யும்போது ஒன்றை முதலிலும் மற்றதைப் பிறகும் டயல் செய்யும் என்று ரோஹானா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். எது முதல் என்ற கேள்வி எழுந்தது. சீனியர்தான் முதல் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இதில் மட்டும் சங்கத்துக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. எல்லாரும் அரசாங்கச் சேவையில் சீனியாரிட்டிக்காகவே ரத்தக் கொதிப்பு வாங்கியவர்கள். விசாரித்தபோது இடி விழுந்தது. தம்பு வீட்டு லைன் அவர் தகப்பனார் காலத்தில் வந்தது. சங்கத்து லைன் அதற்கு வெகு காலம் பிந்தி வந்தது.

"சூசா லா, பெரிய கஷ்டம் இது," என்று தலைவர் தலையில் கை வைத்தார். "ஒரு உறுப்பினரோட லைன் சங்கத்துக்கே சீனியரா? இத்தனை நாளா இத மறைச்சிருக்கீங்களே தம்பு."

"நான் ஒண்ணும் மறைக்கலைங்க," என்றார் தம்பு.

"சொல்லலையே."

வழி கண்டுபிடித்தவர் சிவகுருநாதன்தான். அரசாங்கத்தில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் என்ன செய்வார்கள்? சீனியரை ஓய்வு பெறச் செய்து, மறுநாள் ஒப்பந்த அடிப்படையில் மீண்டும் வேலைக்கு எடுப்பார்கள். எடுத்த நாளிலிருந்து அவர் எல்லாருக்கும் ஜூனியர். கமிட்டி மேசையைத் தட்டி வரவேற்றது. தம்பு வீட்டுத் தொலைபேசிக்கு அவருடைய வீட்டுக் கூடத்திலேயே பிரியாவிடை விருந்து நடந்தது. கருவிக்குச் சின்னதாக ஒரு மல்லிகை மாலை போட்டார்கள்.

"ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுக்காத சேவை," என்று தலைவர் பேசினார். "யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லும். பதவி உயர்வு கேட்டதில்ல. இப்படி ஒரு கீழ்நிலை ஊழியர் எனக்குக் கிடைச்சிருந்தா நான் அவரை எப்பவோ வேற ஊருக்கு மாத்தியிருப்பேன்."

பிளக்கைப் பிடுங்கி வைத்தார்கள். அன்று லண்டனிலிருந்து தங்கை அழைத்தும் தம்புவுக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு பிளக் மீண்டும் செருகப்பட்டது.

நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. தம்புவுக்கு இரவில் தூக்கம் வரவில்லை. ஆபரேஷன் திங்கட்கிழமை, அதற்கு முதல்நாள் மத்தியானமே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கமிட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையைத்தான் குறித்துக் கொடுத்தது. லண்டனில் அது காலைப்பொழுது. தவறினால் அவ்வளவுதான்.

அப்படியிருக்க, கடைசிக் கமிட்டியில் இன்னொரு தீர்மானம் வந்தது. சங்கத்து லைன் உறுப்பினர் வீட்டுக்குப் போவது மரபல்ல. உறுப்பினர் லைன்தான் சங்கத்துக்கு வர வேண்டும். ஆகவே தம்புவின் கணினி, கேமரா, ஒப்பந்தத் தொலைபேசி எல்லாவற்றையும் சங்க மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

"வேணாம் அங்கிள்," என்றாள் ரோஹானா. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. என் ஃபாக்டரிக்குப் போயிரலாம். டாக்சிக்கு நான் சொல்றேன்."

தம்பு சிவகுருநாதனிடம் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினார். சிவகுருநாதன் கோபப்படவில்லை. நண்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ இப்ப வெளிய போய்ப் பண்ணினா சங்கத்துக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? இத்தனை பேரு உனக்காக உக்காந்து யோசிச்சிருக்காங்க. கேளு. முதல் அரை மணி நேரம் நீயும் உன் தங்கச்சியும் மட்டும். கதவை நான் சாத்திட்டு வெளிய நிக்கறேன். எங்க அம்மா மேல சத்தியம்."

தம்பு நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, முகச் சவரம் செய்து, தங்கைக்குச் சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு தம்பு சங்கத்துக்கு வந்தார். வாசலில் தோரணம். உள்ளே மேடையில் துணி விரித்து அதன் மேல் கணினி. குத்துவிளக்கு. ஒலிபெருக்கி. பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவில் ஃபிலிம் போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் பெரிய எழுத்தில் 'இரு கம்பி இணைப்பு விழா' என்று தொங்கியது. மரப்பெட்டி பூட்டோடு மேசை நடுவில் சந்தனம் குங்குமம் வைத்து அமர்ந்திருந்தது.

"என்ன சிவா இது?" என்றார் தம்பு.

"தலைவர் ஆசைப்பட்டாரு லா. சின்னதா ஒரு விழா. உன் அரை மணி நேரம் அப்படியே இருக்கு, கொஞ்சம் கீழ தள்ளிப் போட்டிருக்கோம். நீ முதல்ல நாற்காலியைப் போடு, ஆளுங்க நிக்கறாங்க."

பழக்கம் பொல்லாதது. தம்பு நாற்காலிகளை விரித்தார். கேமராவுக்கு நேர் எதிரே போட வேண்டிய கைவைத்த நாற்காலியையும் அவரே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார். அது தனக்கு என்று நினைத்தார். தலைவர் வந்து அதில் அமர்ந்தார்.

விளக்கு ஏற்றினார்கள். தேவாரம் பாடினார்கள். துணைத்தலைவர் தலைவரை வரவேற்றுப் பேசினார். தலைவர் துணைத்தலைவரை வரவேற்றுப் பேசினார். பொன்னாடை, மாலை எல்லாம் போட்டு முடிந்தது. பிறகு தலைவர் நாற்காலியில் இருந்தபடியே ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"சில பேரு கேக்கறாங்க, அப்புத்துரை, ஏன் இந்தப் போனைப் பூட்டி வெச்சிருக்கே, உறுப்பினருக்கு அவசரம்னா எங்க போவாங்கன்னு. இன்னைக்குப் பதில் சொல்றேன். அன்னைக்கே நான் திறந்து விட்டிருந்தா கண்டவங்களும் பேசியிருப்பாங்க. பிரசவம்னு ஒருத்தன் பேசுவான், சாவுன்னு ஒருத்தன் பேசுவான். லைன் தேஞ்சு போயிருக்கும். யாருக்கும் குடுக்காம நான் காப்பாத்தினதாலதான் இன்னைக்கு அது லண்டன் வரைக்கும் எட்டுது. ஒரு சங்கத்தோட சொத்து உறுப்பினர்களுக்குப் பயன்படாம இருக்கும்போதுதான் அது சங்கத்தோட சொத்தா இருக்கும்."

எல்லாரும் கைதட்டினார்கள். கழுத்துத் துணைக்குழு எழுந்து நின்று தட்டியது.

குறித்த நேரம் வந்துவிட்டது. ரோஹானா இரண்டு லைனையும் டயல் செய்துவிட்டாள். இரண்டு மோடமும் மாறி மாறிக் கீச்சிட்டு அடங்கின. திரையில் ஒரு முகம் விரிந்தது. தபால்தலையாக இல்லை, முழு முகமாக. மகன் பெட்ரோல் நிலைய வேலைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தான். கமலாம்பிகை தனியாக உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். தம்பு கூடத்தின் பின்னாலிருந்து அதைப் பார்த்தார். அம்மாவின் முகம்.

"அங்கிள், வாங்க, ரெண்டும் புடிச்சிருச்சு," என்று ரோஹானா கூப்பிட்டாள்.

தம்பு நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். அதற்குள் திரையிலிருந்து குரல் வந்தது. கூடத்து ஒலிபெருக்கியில் அது எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணை? தெரியுது அண்ணை. முகம் தெரியுது."

"ஆமாம்மா, சொல்லுங்க," என்றார் தலைவர்.

அவள் அழ ஆரம்பித்தாள். தன்னைப் பார்த்து லண்டனில் ஒரு பெண் அழுவது தலைவருக்கு வியப்பாக இல்லை. சங்கத்தின் புகழ் அதுவரை போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். "அழக் கூடாது. சங்கம் இருக்கு," என்று ஆறுதல் சொன்னார்.

"எவ்வளவு வடிவா இருக்கிறியள்," என்றாள் அவள்.

தலைவர் சபையின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நான் சொல்லச் சொல்லல." மறுபடியும் கைதட்டல்.

"சார், அது அங்கிளோட தங்கச்சி. எழுந்திரிங்க," என்று ரோஹானா அவர் காதருகே சொன்னாள். "இரும்மா, அவர் பேரு நிகழ்ச்சியில பின்னாலதான் வருது," என்று தலைவர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார்.

தம்பு மேடையின் கீழே வந்துவிட்டார். கையைத் தூக்கி, "கமலா, நான் இங்க இருக்கேன்," என்று கத்தினார். தட்டும் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை. ஒரு படி ஏறினார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்து இழுத்தது. சிவகுருநாதன்.

"ரெண்டு நிமிசம் லா தம்பு. பேப்பர்காரன் எடுக்கற நேரம். தலைவர் முகத்துக்குக் குறுக்க நீ போய் நின்னா நல்லாவா இருக்கும்? அடுத்தது நீதான்."

"விடு சிவா. அவளுக்குக் கண்ணு போகப் போகுது. விடு."

சிவகுருநாதன் விடவில்லை. அவர் பிடி இறுக்கமாக இருந்தது.

தலைவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பெட்டியைத் திறந்தார். "ஆகவே இந்த இணைப்பை முறைப்படி திறந்து வைக்கிறேன்," என்று சொல்லி ரிசீவரில் கை வைத்தார்.

"தூக்காதீங்க சார், தூக்கினா இணைப்பு அறுந்துரும்," என்று ரோஹானா கத்தினாள்.

ரிசீவரைத் தூக்காமல் தொலைபேசியை எப்படித் திறந்து வைப்பது? தலைவர் தூக்கினார். காதில் வைத்தார். உள்ளே கேட்ட இரைச்சலில் அவர் முகம் மலர்ந்தது. "லண்டன் சத்தம் கேக்குது," என்றார். திரையில் கமலாம்பிகையின் முகம் அசைவது நின்றது. வாய் பாதி திறந்தபடி, கை கண்ணைத் துடைத்தபடி, அப்படியே இருந்தது. பிறகு கறுத்துப் போனது.

பத்திரிகைக்காரருக்கு ஃபிலிம் சிக்கிக்கொண்டது. அவர் அதைச் சரிசெய்து முடிக்கும்வரை தலைவர் ரிசீவரை வைக்கவில்லை. ஒருவழியாக வைத்த பிறகு ரோஹானா மறுபடி மறுபடி டயல் செய்து பார்த்தாள். லண்டனில் பதில் சொல்ல யாரும் இல்லை. தம்பு வீட்டுக்கு ஓடிப்போய் மாடியிலிருந்த ரோஹானாவின் தொலைபேசிக் கருவியைப் பொருத்தி லண்டனுக்கு அழைத்துப் பார்த்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மகன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

அவர் சங்கத்துக்குத் திரும்பி வந்தபோது நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. நாற்காலிப் பொறுப்பாளருக்கும் நன்றி சொன்னார்கள். பிறகு தலைவர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார். போகும்போது தம்புவின் முதுகில் தட்டி, "உங்க லைனும் பரவால்ல தம்பு, நல்லா ஒத்துழைச்சது," என்று சொன்னார்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. சிவகுருநாதன் அதை வெட்டி எடுத்துக்கொண்டு, ஒரு தட்டில் கேசரியோடு தம்பு வீட்டுக்கு வந்தார். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடி, "மனசுல வெச்சுக்காதே லா. அடுத்த வாரம் கமிட்டியில போட்டு மறுபடி ஏற்பாடு பண்ணிடுவோம்," என்றார்.

"நீ புடிச்ச புடி," என்றார் தம்பு. "ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் புடிச்சிருந்தே. அத நெனச்சு நான் எத்தனையோ நாள் தைரியமா இருந்திருக்கேன்." கதவைத் திறக்கவில்லை. கேசரித் தட்டு கொஞ்ச நேரம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது, பிறகு போய்விட்டது. தம்பு பதவி விலகுவதாகச் சொல்லி அனுப்பினார். வேறு ஆள் கிடைக்கும்வரை விலகலை ஏற்க இயலாது என்று கமிட்டி முடிவு செய்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஆபரேஷன் கைகூடவில்லை. மகன்தான் முதலில் அழைத்துச் சொன்னான். இருந்த வெளிச்சமும் போய்விட்டது. சில நாட்கள் கழித்து கமலாம்பிகையே பேசினாள். தம்பு ரிசீவரைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் குரலில் அழுகை இல்லை.

"எனக்கு இனிக் கவலை இல்லை அண்ணை. உங்களைப் பாத்திட்டன்."

"கமலா..."

"நான் நினைச்சன், நீங்கள் மெலிஞ்சு போய் இருப்பியள் எண்டு. எவ்வளவு நிறைவா இருந்தியள். உருண்டை முகம், மாலையும் கழுத்துமா. தலைமயிர் இன்னும் கறுப்பு. போட்டோவிலை வழுக்கை மாதிரிக் கிடந்தது, என்ரை கண்ணிலைதான் பிழை போலை. குரலும் வேறை மாதிரித்தான் கேட்டுது, அது லைனிலை பிழை. அழாதை எண்டு நீங்கள் சொன்னது காதுக்குள்ளையே நிக்குது. இப்ப எல்லாம் இருட்டுத்தான், ஆனால் அந்த முகம் மட்டும் இருக்குது. அதோடைதான் இருக்கிறன்."

தம்பு வாயைத் திறந்தார். அது நான் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டார். நாற்பது வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்த ஒரே ஒரு பார்வையை எவனோ ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்; எடுத்தது அவனுக்கே தெரியாது.

"ஒண்டு கேக்க வேணும் அண்ணை," என்றாள் கமலாம்பிகை. "உங்களுக்குப் பின்னாலை ஒரு மெலிஞ்ச மனுசன் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டவர். வடிவாத் தெரியேல்லை. ஆரோ அவரைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிண்டினம். பாக்கப் பாவமாக் கிடந்தது. ஆர் அது?"

"தெரியல கமலா. கூட்டம் பாக்க வந்தவரா இருக்கும்."

"அந்தாளுக்கும் லண்டனிலை ஆரும் இருந்திருப்பினம். நீங்கள் ஒருக்கா அவரைக் கூப்பிட்டு முன்னாலை விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்தான்," என்றார் தம்பு.